எந்த பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது?

தினசரி செய்தியை எங்கே தெரிந்துகொள்கிறீர்கள் என்று மாணவர்களைக் கேட்டால் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிறார்கள். செல்போன் இருக்கிறது, போகவேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது என்கிறார்கள். அவர்களுடைய அப்பாவைக் கேளுங்கள். டீக்கடை என்பார். தாத்தாவும் டீக்கடை என்றுதான் சொல்வார். ஆனால் உள்ளே இல்லை, வாசலில். பாட்டியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் தண்ணிக் குழாயடியைச் சொல்வார், நடவு வயலைச் சொல்வார்.

தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதுகிற அறிஞர்கள் டீக்கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். 1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற தமிழ். ஒருத்தர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். டீக்கடை அரசியல் பள்ளிக்கூடம் ஆனது என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாம் எங்கே நின்றோம் என்பதை எழுதமாட்டார்கள்.

இந்தத் தலையங்கத்தை எழுதுகிறவன் பத்து வயதில் செய்தி கேட்ட கடையில் ஒரே ஒரு பேப்பர் வரும். நாலு தாளும் நாலு பேர் கையில் பிரிந்து கிடக்கும். பெஞ்சு ஊர்க்காரர்களுக்கு. நமக்கு வெளியே, கூரை இறக்கத்துக்குக் கீழே, குத்தவைத்து உட்காரலாம். தனிக் கிளாஸ், குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்த்து வைக்கவேண்டும். பேப்பரைக் கையில் வாங்கியதில்லை. பெஞ்சில் இருப்பவர் எதை உரக்கப் படித்தாரோ அது எங்களுக்குச் செய்தி. எதைத் தாண்டிப் போனாரோ அது எங்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. ஒரு நாள் பக்கத்து ஊரில் நம்ம ஆள் ஒருத்தரைக் கட்டிவைத்து அடித்தது பேப்பரில் வந்திருந்தது. படித்தவர் அந்த இடம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு சினிமாப் பக்கத்துக்குத் தாவிவிட்டார். கொண்டு கொடுத்த உறவு வழியாக மூன்று நாள் கழித்துத்தான் சேதி எங்கள் தெருவுக்கு வந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லுகிற தோழர்கள் 2022 டிசம்பர் 27ஆம் தேதியை நினைத்துப் பார்க்கவேண்டும். அன்று புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இறையூருக்குப் போனார்கள். அங்கே டீக்கடையில் நம் மக்களுக்குத் தனிக் கிளாஸ் இருப்பதைக் கண்டார்கள். வழக்குப் பதிவானது. அய்யனார் கோயிலுக்குள் நம் மக்களை அதிகாரிகள் அழைத்துப் போனார்கள். அதற்கு முதல் நாள்தான், அன்னவாசல் ஒன்றியம் முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில், முப்பது சொச்சம் குடும்பங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்ததை, ஏறிப் பார்த்தவர்கள் கண்டார்கள். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், தண்ணியைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னபிறகுதான் ஏறிப் பார்த்தார்கள். செல்போன் இருந்த காலம்தான் அது. நாலாம் தலைமுறை அலைவரிசை இருந்த காலம்தான். தனிக் கிளாசும் இருந்தது.

ஆகவே 'மக்கள் தங்கள் விருப்பப்படி செய்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்' என்கிற பேச்சை நாம் அப்படியே விழுங்கவேண்டியதில்லை. உட்காரவிட்ட பெஞ்சுதான் நமக்குச் செய்தியைத் தேர்ந்து கொடுத்தது. கையில் கிடைத்ததை வாசித்தோம், காதில் விழுந்ததைக் கேட்டோம். அடுத்த தலைமுறை கொஞ்சம் காசு பார்த்தது, டிவி வந்தது. சன் 1993, ஜெயா 1999, கலைஞர் 2007. எந்தக் கட்சிக் கொடி வீட்டில் பறந்ததோ அந்தச் சேனல். அதையும் தேர்வு என்று சொல்வதற்கில்லை, அது வாக்குரிமையின் நீட்டிப்பு. இப்போது போன். போனில் பெஞ்சு கிடையாது, யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை 2025 சனவரி 24ஆம் தேதி இரவு என்ன ஆனது என்பதைத்தான் இந்த இதழில் பேசவேண்டியிருக்கிறது.

2023 சனவரியில் வழக்கு சி.பி.சி.அய்.டி.க்குப் போனது. மரபணுப் பரிசோதனை என்றார்கள். உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. இரண்டு வருசம் ஓடிப்போனது. 2025 சனவரி 24 அன்று அரசுத் தரப்பு உயர்நீதிமன்றத்தில் சொன்னது: குற்றப்பத்திரிகை 20ஆம் தேதியே புதுக்கோட்டையில் தாக்கல் செய்யப்பட்டுவிட்டது, மூன்று பேர் பெயர் இருக்கிறது. மூவரும் வேங்கைவயலைச் சேர்ந்த நம் ஆட்கள். ஊராட்சித் தலைவரின் கணவரோடு இருந்த பகைதான் காரணம் என்றது போலீஸ்.

அன்று மாலையே, விசாரணையில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட படங்களும் ஒலிப்பதிவுகளும் டிவியிலும் போனிலும் ஓட ஆரம்பித்தன. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உட்படவேண்டிய சாட்சியம், அதற்கு முன்பே வீட்டு வரவேற்பறையில் தீர்ப்பாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு ஒரு கல்லூரித் தோழர் கூப்பிட்டார்.

"அண்ணே, நம்ம ஆளுங்களேதான் பண்ணிருக்காங்களாமே."

"யாரு தம்பி சொன்னா?"

"எல்லா நியூஸ்லயும் ஓடுதுண்ணே. ஆடியோவே போட்டுட்டாங்க."

"எல்லா நியூஸ்லயும்னா, எத்தனை பேரு சொன்னாங்க?"

அவர் எட்டோ ஒன்பதோ சேனல் பெயர் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சேதி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றோம். அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். "அண்ணே, எல்லாம் ஒரே எடத்துலேர்ந்துதாண்ணே வந்திருக்கு."

தோழர்களே, ஒன்பது ஒலிபெருக்கி கட்டினாலும் பாடுகிறவர் ஒருவர்தான். ஒன்பது இடத்தில் கேட்டதால் ஒன்பது மடங்கு உண்மை ஆகிவிடாது. வேங்கைவயலுக்குப் போகும் பாதையில் அந்த நாட்களில் போலீஸ் நின்றது, வெளியாட்களை உள்ளே விடவில்லை. உள்ளே இருந்தவர்கள் இது பொய் என்று கத்தினார்கள், உட்கார்ந்து போராடினார்கள். விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சி.பி.அய். விசாரணை கேட்டார்கள். ஆனால் ஒரு தரப்புச் செய்தி நெடுஞ்சாலையில் வந்தது, இன்னொரு தரப்புச் செய்தி வரப்பில் நடந்து வந்தது. பிப்ரவரியில், குற்றம் சாட்டப்பட்டவர்களும் அதே பட்டியல் சாதியினர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று வழக்கைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சட்டம் தருகிற பாதுகாப்பைத் தீர்மானிக்கிற செய்தி அது. நம் தோழர்களில் எத்தனை பேர் போனில் அது வந்தது? ஆடியோ வந்தது. அது வரவில்லை.

மூன்று பேர் குற்றவாளிகளா இல்லையா என்று இந்தப் பக்கத்தில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. குற்றப்பத்திரிகை என்பது குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல. 'குற்றம் சாட்டப்பட்டவர்கள்' என்று எழுதியவர் யார், 'குற்றவாளிகள்' என்று எழுதியவர் யார், ஊர்க்காரர்களின் மறுப்பை அதே செய்தியில் போட்டவர் யார், மறுநாள் உள்பக்கத்தில் நாலு வரி போட்டவர் யார், போடவே போடாதவர் யார் என்பதுதான் நம் கேள்வி.

நம்மையும் சொல்லிக்கொள்ளவேண்டும். நம் இயக்கக் குழுக்களில் அன்றிரவு என்ன நடந்தது? 'உண்மைக் குற்றவாளிகள் இவர்கள்தான்' என்று வேறு சாதியைச் சேர்ந்த சிலருடைய பெயரும் படமும் போட்ட ஒரு தகவல் சுற்றியது. யார் எழுதியது, எதை வைத்து எழுதியது, ஒன்றும் இல்லை. நமக்குப் பிடித்திருந்தது, அனுப்பிவிட்டோம். இதை எழுதுகிறவனும் இரண்டு பேருக்கு அனுப்பினான். காலையில் வெட்கமாக இருந்தது. போலீஸ் கொடுத்த ஆடியோவை அப்படியே ஓட்டியவர்களுக்கும் நமக்கும் அன்றிரவு என்ன வித்தியாசம்? அவர்களுக்குச் செய்தி கொடுத்தவர் யார் என்றாவது தெரியும்.

வாட்ஸ்அப்பும் யூடியூப்பும்தான் இந்தியாவில் செய்திக்கு முதலிடம் என்று ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள் சொல்லுகின்றன. அந்தக் கணக்கு இணையத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் எடுத்தது. வேங்கைவயலில் யாரையும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விசயம்.

இன்னொன்று. 2025 மே 5ஆம் தேதி இரவு ஆலங்குடிப் பக்கம் வடகாட்டில், கோயில் திருவிழாவை ஒட்டி, நம் குடியிருப்பு தாக்கப்பட்டது. குடிசை எரிந்தது, வண்டிகள் நொறுங்கின, ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெட்ரோல் பங்கில் இளைஞர்களுக்குள் வாய்த்தகராறு, அதுதான் காரணம் என்றது போலீஸ். மறுநாள் செய்திகளில் 'மோதல்'. 'இரு தரப்பினர்'. இந்த 'மோதல்' என்கிற சொல்லை நாம் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இரண்டு பஸ் மோதலாம், இரண்டு ஆடு மோதலாம். ஒரு தெருவுக்குள் இன்னொரு கூட்டம் புகுந்து கூரையில் தீ வைத்தால், அந்தக் கூரைக்குக் கீழே தூங்கப்போனவனும் 'மோதினான்' என்று எழுதுவதற்கு என்ன தமிழ் இலக்கணம் இடம் தருகிறது? நிலத் தகராறு, கோயில் உரிமை, யார் தெருவில் யார் வண்டி ஓட்டுவது என்று வருசக்கணக்கில் புகைந்தது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. பெட்ரோல் பங்கு மட்டும் வெளியே தெரிகிறது.

இது நிருபரின் கெட்ட எண்ணம் மட்டும் என்று நினைத்தால் நாம் ஏமாந்துபோவோம். தாலுகாவுக்கு ஒரு பகுதிநேரச் செய்தியாளர். சம்பளம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கொஞ்சம் தங்கும். மாலை ஆறு, ஏழு மணிக்குள் மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி போய்ச் சேரவேண்டும். அந்த நேரத்தில் ஒரு போன் போட்டால் எடுத்துப் பேசுகிறவர் யார்? ஸ்டேசனில் எழுத்தர் எடுப்பார், கட்சிக்காரர் எடுப்பார், காண்டிராக்டர் எடுப்பார். நம் தெருவில் அவருக்குத் தெரிந்த நம்பர் ஒன்றுகூட இருக்காது. நாளைக்கும் அவருக்கு அதே ஸ்டேசன்தான் செய்தி தரவேண்டும். பிறகு அவர் எழுதியதைத் திருத்துகிறவர், தலைப்பு வைக்கிறவர், எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறவர். அங்கே நாம் இருக்கிறோமா? 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரையாவது கண்டுபிடிக்கலாம் என்று தேடி, ஒருவரும் அகப்படவில்லை என்று பயனியர் ஏட்டில் எழுதினார். 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் இந்தி, ஆங்கில ஊடகங்களைக் கணக்கெடுத்தன. தலைமைப் பொறுப்புகள் 121. அதில் 106 உயர்சாதியினர் கையில். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. இருபத்து மூன்று வருசத்தில் தாள் போய்க் கண்ணாடித் திரை வந்தது. பெஞ்சு அதே பெஞ்சு.

நம் முன்னோர் இதை நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையையே பெயரில் வைத்தார். கூலிக்காரன் கையில் பேப்பர் போகவேண்டும் என்றால் முதலில் தீர்க்கவேண்டியது காசுப் பிரச்சினை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு 'தமிழன்' ஆனது. பண்டிதர் 1914இல் மறைந்த பின்னால் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் நடுவே அது மறுபடி உயிர் பெற்றது. 1920 சனவரியில் அம்பேத்கர் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். அந்த இதழ் வருகிறது என்று, காசு கொடுத்துப் போடுகிறோம் என்று கேட்டும், கேசரி விளம்பரம் போட மறுத்தது. நம் செய்தியை மறுப்பது ஒரு பக்கம். நமக்கென்று ஒரு பேப்பர் இருக்கிறது என்ற செய்தியையும் மறுத்தார்கள்.

இதைச் சொன்னவுடன் சில தோழர்கள் எழுந்து, "அப்ப நம்ம பத்திரிகைய மட்டும் படிப்போம், மத்ததப் புறக்கணிப்போம்" என்று தீர்மானம் கொண்டுவருவார்கள். கை தட்டலாம், நன்றாகத்தான் இருக்கும். நாம் ஒத்துக்கொள்வதற்கில்லை. நம் சிறுபத்திரிகைகள் மாதம் ஒருமுறை வரும், காசு இல்லாவிட்டால் மூன்று மாதம் வராது. நாளைக்கு மழை உண்டா, கொள்முதல் நிலையம் திறந்தார்களா, எந்த ஊராட்சியில் எந்த டெண்டர், ஆதிதிராவிடர் விடுதியில் எப்போது சேர்க்கை என்பதெல்லாம் தினசரியில்தான் இருக்கிறது. அதிகாரிகள் காலையில் புரட்டுவதும் அந்தத் தினசரியைத்தான். மாவட்டப் பக்கத்தில் ஒரு மூலையில் வந்த செய்திக்குத் தண்ணி லாரி வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அதைக் கைவிட்டுவிட்டு நம்மையே நாம் படித்துக்கொண்டிருந்தால், கூரை இறக்கத்தை விட்டு எழுந்து நம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரிதான்.

நாம் சொல்லுவது வேறு. எதை நம்புவது என்பதற்கு ஓர் உரைகல் வேண்டும், அது நம் கையிலேயே இருக்கிறது. நாம் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம். நாம் நின்ற இடம், நாம் தூக்கிப்போன ஆள், நாம் கொடுத்த மனு. அதை எந்தப் பத்திரிகை எப்படி எழுதியது, எந்தச் சேனல் எத்தனை மணிக்கு யாரைக் கேட்டுச் சொன்னது என்று பாருங்கள். நாம் பார்த்த விசயத்தில் பொய் சொல்லியவர், நாம் பார்க்காத காசாவைப் பற்றியும் மணிப்பூரைப் பற்றியும் சொல்லும்போது எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். நாம் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவர், நமக்குப் பிடிக்காத கட்சிக்காரராக இருந்தாலும், அவரிடம் போங்கள். வேங்கைவயல் சேதியில் நம்முடைய அனுதாபிகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் சிலர் ஊருக்கே போகாமல் எழுதினார்கள். நாம் வசைபாடுகிற பத்திரிகைகளிலிருந்து சில இளம் நிருபர்கள் ஊருக்குள் வந்து பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

பெண்களைச் சொன்னதால் ஒரு வார்த்தை. அந்த டீக்கடை பெஞ்சில் எந்தச் சாதிப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. செய்தி பற்றிய நம் இயக்கக் கூட்டங்களிலும் ஆம்பிளைகளே பேசிக்கொண்டிருக்கிறோம். இதே மாவட்டத்தில் 1991-92இல் அறிவொளி இயக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள் அதில் இருந்தார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார், பி. சாய்நாத் எழுதி உலகத்துக்கே தெரிந்தது. சைக்கிளில் என்ன இருக்கிறது என்று கேலி செய்தவர்கள் உண்டு. எவனோ வந்து சொல்லும்வரை காத்திராமல் பக்கத்து ஊருக்குத் தானே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அதுதான் இருந்தது. நம் தெருவில் இன்றைக்கும் எது நம்பத்தகுந்தது என்று கேட்டால் ஒரு கிழவி சொல்லுவார்: "போயிப் பாத்துட்டு வந்தவ யாருன்னு கேளு." எந்த இதழியல் கல்லூரியில் இதைவிட அதிகமாகச் சொல்லித் தருகிறார்கள் என்று தெரியவில்லை. எழுத்துக் கற்ற அந்தப் பெண்களுக்குத் தினமும் படிக்க அதற்குப் பிறகு என்ன கிடைத்தது என்பது தனிக் கதை. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். உங்கள் ஊராட்சியில் அந்தக் கட்டடம் ஊரில் இருக்கிறதா சேரியில் இருக்கிறதா, சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

இனி வேலையைச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு படிப்பு வட்டத்திலும் ஒரு நோட்டு. அதில் ஒரே ஒரு சம்பவம். இடது பக்கம், பார்த்தவர் சொன்னது: யார், எங்கே நின்று பார்த்தார், எத்தனை மணி. வலது பக்கம், பத்திரிகையில் வந்தது: பெயர், தேதி, பக்கம், செய்தி கொடுத்தவர் யார் என்று எழுதியிருக்கிறதா. டிவி என்றால் சேனலும் நேரமும். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, நீதிமன்ற உத்தரவு கையில் கிடைத்தால் அதன் நகல். போனில் வந்தது என்றால் முதலில் யாரிடமிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்து எழுதவேண்டும். போகமுடியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதி, அடுத்தவருக்கு அனுப்பாமல் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். உங்கள் தாலுகா செய்தியாளரின் நம்பரை வாங்கி, உங்கள் தெருவில் இரண்டு பேர் நம்பரை அவரிடம் கொடுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாலை ஆறு மணிக்கு அவர் கூப்பிட்டால் எடுக்கவேண்டும், அதுதான் முக்கியம்.

வேங்கைவயல் நோட்டு அன்னவாசல் தோழர்களிடம் ஓரளவு நிரம்பியிருக்கிறது. வடகாடு நோட்டின் வலது பக்கம் பாதி காலி. 2025 மே 6, 7, 8 தேதிகளின் புதுக்கோட்டைப் பதிப்புகள், எந்தப் பத்திரிகையாக இருந்தாலும், யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் வெட்டாமல், தேதி தெரியும்படி முழுத் தாளாகக் கொண்டுவந்து கொடுங்கள். படித்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்.